அமெரிக்க விற்பனை வரிக்கு இலவசச் சேவை: கோல அச்சு விற்கிறவன் பார்வையில்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்பனை வரிப் பதிவை எளிதாக்க அமெரிக்க மாநிலங்கள் பல சேர்ந்து நடத்தும் ஸ்ட்ரீம்லைன்ட் சேல்ஸ் டாக்ஸ் அமைப்பின் பதிவுத் தளத்துக்கு 5க்கு நாலரை. அதன் வழியாக நான் அமர்த்திய வரி தாக்கல் நிறுவனத்துக்கு மூன்று. இரண்டும் வேறு வேறு. பெரும்பாலானவர்கள் இரண்டையும் ஒன்றாக்கி "இலவசம்பா, சூப்பர்பா" என்றோ "எல்லாம் ஏமாத்து வேலை" என்றோ சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை.

யாருக்காக எழுதுகிறேன் என்றால், பொருளை அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலையில் ஜாப் ஒர்க்காகச் செய்யவைத்து, அங்கிருந்தே வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்பவைத்து, வியாபாரத்தை இங்கே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிற சிறு ஆட்களுக்காக. அமேசான், எட்சியில் மட்டும் விற்கிறீர்கள் என்றால் இவ்வளவு தூரம் வரவேண்டாம். வரியை அவர்களே வாங்கி அவர்களே கட்டிவிடுவார்கள். சொந்த இணையதளத்தில் விற்கும்போதுதான் பொறுப்பு நம் தலையில் விழுகிறது.

நாங்கள் விற்பது கோல அச்சுத் தட்டும் கோல உருளையும். கோயம்புத்தூரில் இருந்து நானும் என் மனைவியும் நடத்துகிறோம். வாங்குகிறவர்கள் எடிசன் (நியூ ஜெர்சி), ஃப்ரிஸ்கோ (டெக்சாஸ்), ஃப்ரீமாண்ட் (கலிஃபோர்னியா), அட்லாண்டா (ஜார்ஜியா) பக்கம் இருக்கும் நம் ஆட்கள். மார்கழி பிறக்க ஒரு மாதம் இருக்கும்போது ஆர்டர் குவியும், பொங்கல் முடிந்ததும் படுத்துவிடும். முன்பெல்லாம் இங்கிருந்தே கூரியரில் அனுப்பினோம். தட்டு விலைக்குச் சமமாகக் கூரியர் செலவு வந்ததால், இங்கே கணபதி பகுதியில் ஒரு டூல் ரூமில் டை (தட்டை வார்க்கிற அச்சு) போட்டு, அதை இந்தியானா மாநிலத்தில் ஒரு மோல்டருக்கு, அதாவது வார்த்துத் தரும் பட்டறைக்காரருக்கு, அனுப்பிவிட்டோம். அப்புறம் 2025 ஆகஸ்ட் 29 முதல், 800 டாலருக்குள் இருக்கும் பார்சலுக்குச் சுங்கவரி இல்லை என்ற சலுகையையும் அமெரிக்கா எடுத்துவிட்டது. இங்கிருந்தே அனுப்பிக்கொண்டிருந்த பலர் அப்போதுதான் அந்தப் பக்கம் ஜாப் ஒர்க் தேட ஆரம்பித்தார்கள்.

சரி, வரி விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் நம் ஜிஎஸ்டி மாதிரி நாடு முழுக்க ஒரே வரி கிடையாது. 45 மாநிலங்கள் தனித்தனியாக விற்பனை வரி போடுகின்றன. அதற்குமேல் மாவட்டமும் ஊரும் சேர்த்துக்கொள்ளும் வரி வேறு. 1992இல் வந்த குவில் வழக்குத் தீர்ப்புப்படி, மாநிலத்துக்குள் கடையோ ஆளோ சரக்கோ இல்லாத வியாபாரியை வரி வாங்கித் தரச் சொல்ல முடியாது. 2018 ஜூன் 21 அன்று, சவுத் டகோட்டா மாநிலமும் வேஃபேர் நிறுவனமும் மோதிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அதை மாற்றிவிட்டது. மாநிலத்துக்குள் காலே வைக்காவிட்டாலும், விற்பனை ஒரு அளவைத் தாண்டினால் வரி வாங்கியாக வேண்டும். இதில் உள்நாட்டு வியாபாரி, வெளிநாட்டு வியாபாரி என்ற பேதமே இல்லை. நம் ஏற்றுமதி வாட்ஸ்அப் குழுக்களில் "நமக்குத்தான் அமெரிக்காவோட இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கே, நிரந்தர அலுவலகம் இல்லன்னா தொட முடியாது" என்று யாராவது ஒருவர் எழுதிக்கொண்டே இருப்பார். அமெரிக்கப் பக்கத்தில் அந்த ஒப்பந்தம் அவர்கள் மத்திய அரசின் வருமான வரிக்கு. மாநிலங்களின் விற்பனை வரியை அது கட்டுப்படுத்தாது.

அந்த 'அளவு' இருக்கிறதே, அதில்தான் சின்ன வியாபாரி மாட்டுகிறான். டெக்சாஸ், கலிஃபோர்னியா இரண்டிலும் எல்லை 5 லட்சம் டாலர். எங்கள் செட் விலை 25 டாலர். அங்கே எல்லையைத் தொட 20,000 செட் விற்க வேண்டும், அது நடக்கிற காரியம் இல்லை. நியூயார்க்கில் 5 லட்சம் டாலரையும் தாண்ட வேண்டும், 100 ஆர்டரையும் தாண்ட வேண்டும். ஆனால் நான் பதிவு செய்தபோது நியூ ஜெர்சியிலும் ஜார்ஜியாவிலும் 1 லட்சம் டாலர் அல்லது 200 ஆர்டர், எது முதலில் வருகிறதோ அது. 200 ஆர்டர் என்றால் எங்களுக்கு வெறும் 5,000 டாலர் வியாபாரம். எடிசனில் ஒரு மார்கழி போதும், முடிந்தது கதை. சவுத் டகோட்டா, இந்தியானா போன்ற சில மாநிலங்கள் இந்த ஆர்டர் எண்ணிக்கைக் கணக்கை எடுத்துவிட்டன. நியூ ஜெர்சியும் எடுத்தால் மகராசனாக இருக்கட்டும் என்று வாழ்த்துவேன்.

இந்த இடத்தில்தான் ஸ்ட்ரீம்லைன்ட் பதிவுத் தளம் உண்மையிலேயே நல்ல சேவை. மாநிலங்கள் தங்களுக்குள் போட்டு 2005இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின் தளம் அது. 23 மாநிலங்கள் முழு உறுப்பினர்கள், டென்னசி இணை உறுப்பினர், ஆக மொத்தம் 24. எங்களுக்கு வேண்டிய நியூ ஜெர்சி, ஜார்ஜியா, இந்தியானா, மிச்சிகன், நார்த் கரோலைனா, ஓஹையோ எல்லாம் உள்ளே இருக்கின்றன. ஒரே விண்ணப்பத்தில் எந்தெந்த மாநிலம் வேண்டுமோ டிக் அடித்துவிட்டுப் போய்விடலாம். கட்டணம் ஒரு பைசா இல்லை. அரசுத் தளம் மாதிரிதான் இருக்கும், அழகெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கேள்விகள் தெளிவாக இருக்கின்றன, பாதியில் விட்டாலும் மறுபடி வந்து தொடரலாம். அரை மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன் என்றால், கலிஃபோர்னியா, டெக்சாஸ், நியூயார்க், ஃப்ளோரிடா நான்கும் இதில் இல்லை. எல்லையைத் தாண்டுகிற அளவுக்கு அங்கே வியாபாரம் வளர்ந்தால் ஒவ்வொரு மாநிலத்தின் வாசலிலும் தனித்தனியாகத்தான் போய் நிற்க வேண்டும்.

போவதற்கு முன் இ.ஐ.என். எண் கையில் இருக்கட்டும். அது அமெரிக்க வருமான வரித் துறை தரும் நிறுவன எண். அமெரிக்காவில் அலுவலகமே இல்லாத நம்மால் அதை ஆன்லைனில் வாங்க முடியாது. எஸ்.எஸ்.-4 படிவத்தை ஃபேக்ஸ் செய்யலாம், அல்லது வெளிநாட்டினருக்கென்று இருக்கும் எண்ணில் கூப்பிட்டு போனிலேயே வாங்கலாம். போன் வழிதான் சுருக்கம். நம் ஊர் மாலையிலோ இரவிலோ கூப்பிட வேண்டியிருக்கும், காத்திருப்பு இசை தூங்கவைத்துவிடும், ஆனால் அழைப்பு முடியும்போது எண் கையில் இருக்கும். இந்த எண்ணை வாங்கித் தருகிறேன் என்று ஏஜென்ட்டுகள் கேட்கிற பணத்தைக் கொடுக்காதீர்கள். அது இலவசம்.

அடுத்தது அந்த ஒப்பந்தத்தின் இனிப்பான பகுதி. சி.எஸ்.பி. என்று சொல்லப்படும் அங்கீகாரம் பெற்ற சேவை நிறுவனங்கள் சில இருக்கின்றன. நம் இணையதளத்தில் அவர்கள் மென்பொருளை இணைத்துவிட்டால், வாங்குபவர் முகவரியைப் பார்த்துச் சரியான வரியைப் போட்டு, மாதாமாதமோ காலாண்டுக்கோ கணக்கைத் தாக்கல் செய்து, பணத்தையும் கட்டிவிடுவார்கள். உறுப்பு மாநிலங்களுக்கான இந்த வேலைக்குக் கூலியை மாநிலங்களே அவர்களுக்குக் கொடுத்துவிடும். நாம் பொய்த் தகவல் கொடுக்காதவரை, மென்பொருள் தப்பாகக் கணக்குப் போட்டதற்கு நம்மைப் பிடிக்க மாட்டார்கள், தணிக்கை வந்தாலும் அவர்களிடம்தான் போகும். 24 மாநிலக் கணக்கை இலவசமாக ஒருவர் பார்த்துத் தருகிறார் என்றால் நம்ப முடியாது. ஆனால் நிஜம்.

நிபந்தனை இருக்கிறது. அந்த இலவசம், மாநிலத்தோடு பெரிய ஒட்டுறவு இல்லாத வியாபாரிக்குத்தான். பதிவுக்கு முந்தைய 12 மாதங்களில் அந்த மாநிலத்தில் 30 நாளுக்குமேல் நிலையான தொழில் இடம் இருந்திருக்கக் கூடாது. அங்கே இருக்கும் நம் சொத்து 50,000 டாலருக்குக் கீழே, சம்பளப் பட்டியலும் 50,000 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும். இதோடு, நம் மொத்தச் சொத்திலோ மொத்தச் சம்பளத்திலோ 25 சதவீதத்துக்குக் குறைவாகத்தான் அந்த மாநிலத்தில் இருக்கலாம்.

ஜாப் ஒர்க் கொடுப்பவர்கள் அந்தக் கடைசி வரியை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். கோயம்புத்தூரில் மோல்டிங் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: டை வாடிக்கையாளருடையது, மெஷின் பட்டறைக்காரருடையது. டை நம்முடையது என்றால்தான் நாளைக்கு விலை படியாதபோது தூக்கிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போக முடியும். இந்தியானா மோல்டரோடு போட்ட ஒப்பந்தத்திலும் அதையே எழுதினோம். அவர் டையின் பக்கவாட்டில் ஒரு அலுமினியத் தகடு அடித்து, அதில் எங்கள் நிறுவனத்தின் பெயர், 'உரிமை' என்ற சொல், ஒரு எண் எல்லாம் பொறித்துப் படம் எடுத்து அனுப்பினார். மனைவி அந்தப் படத்தை போனில் முகப்புப் படமாகவே வைத்துக்கொண்டாள். பெரும்பாலான மாநிலங்களின் பார்வையில் அந்தத் தகடு போதும்: உங்கள் சொத்து இங்கே இருக்கிறது, 1 லட்சம் டாலர் எல்லையெல்லாம் உங்களுக்குக் கிடையாது, முதல் விற்பனையிலிருந்தே வரி வாங்குங்கள். அந்த ஊர்க்காரர்கள் இதை நெக்சஸ் என்கிறார்கள். வேஃபேர் தீர்ப்பு வந்ததால் பழைய விதி போய்விடவில்லை, சொத்து இருந்தால் மாட்டுவது என்பது அப்படியேதான் இருக்கிறது.

இனி அந்த 25 சதவீதம். டைக்கு எங்களுக்கு ஆன செலவு ஒன்பது லட்சம் ரூபாய். 50,000 டாலருக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் எங்கள் நிறுவனத்தின் மற்ற சொத்து என்ன? இரண்டு லேப்டாப், ஒரு கேமரா, லேபிள் பிரிண்டர், மேசை, ரேக், கொஞ்சம் மாதிரித் தட்டுகள். எல்லாம் சேர்த்தால் ஆறு லட்சம் தேறும். மொத்தத்தில் 60 சதவீதம் இந்தியானாவில் உட்கார்ந்திருக்கிறது! பெரிய கம்பெனியாக இருந்தால் இதே டை கணக்கில் தூசு. ஆக, மற்ற உறுப்பு மாநிலங்களில் எங்களுக்கு இலவசம், இந்தியானாவில் மட்டும் சேவைக் கட்டணம் நாங்களே கொடுக்க வேண்டும். விதி அப்படி. எனக்கு அதில் கோபம் இல்லை.

கோபம், நான் அமர்த்திய நிறுவனத்தின் மேல்தான். பெயர் வேண்டாம். அவர்கள் விண்ணப்பப் படிவத்தில் சரக்கு இருப்பு எங்கே என்று கேட்கிறார்கள், ஊழியர் இருக்கிறார்களா என்று கேட்கிறார்கள். டை, ஜிக், அச்சு, மூலப்பொருள் பற்றி ஒரு கேள்வி இல்லை. நானே ஆதரவுப் பிரிவில் கேட்டேன். முதலில் பேசியவர், இருப்பு இல்லையென்றால் பிரச்சினையே இல்லை, எல்லா மாநிலமும் இலவசம் என்று அடித்துச் சொன்னார். எழுத்தில் தாருங்கள் என்றதும் இன்னொருவர் வந்தார்.

"இந்த டை உங்கள் கணக்குப் புத்தகத்தில் சொத்தாக இருக்கிறதா?"

"இருக்கிறதுங்க. தேய்மானமும் போடுகிறோம்."

"அப்படியென்றால் சொத்துதான். இந்தியானாவுக்குக் கட்டணம் வரும்."

இந்த இரண்டாவது ஆள் மாதிரி ஒருவரை முதலிலேயே உட்கார வைத்திருந்தால் நான்கு மதிப்பெண் போட்டிருப்பேன். முதல் ஆள் சொன்னதை நம்பிப் போயிருந்தால், தப்பான தகவல் கொடுத்தவன் என்ற பெயர் எனக்கல்லவா வந்திருக்கும்? அந்தப் பாதுகாப்பும் போயிருக்கும்.

இன்னொரு குறை பணம் எடுப்பது. வசூலான வரியை அவர்கள் நம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்வார்கள். அதற்கு அமெரிக்க வங்கிக் கணக்கு வேண்டும். நம்மில் பலர் வைத்திருப்பது டாலர் வரவை வாங்க மட்டும் பயன்படும் கணக்கு, அதிலிருந்து அவர்களால் எடுக்க முடியாது. கெஞ்சிக் கூத்தாடி முன்பணம் அனுப்பும் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் வங்கிக் கட்டணம் தனி. வெளிநாட்டு வியாபாரிகளை வரவேற்கிறோம் என்று முகப்பில் போட்டிருக்கிறவர்கள் இதையும் அங்கேயே போடலாம்.

மென்பொருள் மட்டும் குறை சொல்ல முடியாத வேலை. இந்தியானாவில் 7 சதவீதம், ஊர் வரி கிடையாது, ஒரு செட்டுக்கு 1.75 டாலர். நியூ ஜெர்சியில் 6.625. அங்கே அனுப்பும் கட்டணத்துக்கும் வரி உண்டு, அதையும் சரியாகச் சேர்க்கிறது. ஜார்ஜியாவில் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுவதையும் பிடித்துவிடுகிறது.

இனி மோல்டர் பக்கம். ஜாப் ஒர்க்கில் இரண்டு விற்பனை நடக்கிறது: மோல்டர் எங்களுக்கு விற்கிறார், நாங்கள் எடிசன் அக்காவுக்கு விற்கிறோம். பெட்டி மட்டும் நேராகப் போகிறது. முதல் விற்பனைக்கு வரி போடாமல் இருக்க, மறுவிற்பனைச் சான்றிதழை மோல்டர் நம்மிடம் கேட்பார். கொடுக்காவிட்டால் அவர் பில்லிலேயே வரியைச் சேர்ப்பார், அது அவர் கடமை. இந்தியானாவுக்கு எஸ்.டி.-105 என்ற படிவம். மற்ற உறுப்பு மாநிலங்களுக்கு ஸ்ட்ரீம்லைன்ட் அமைப்பின் பொதுச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது, அதை எல்லா உறுப்பு மாநிலங்களும் ஏற்கும். இந்த ஒரு காகிதத்துக்காகவே பதிவு செய்யலாம் என்பேன்.

கலிஃபோர்னியா தனிக் கதை. மோல்டர் அங்கே பதிவு உள்ளவராக இருந்து, நாம் பதிவு இல்லாதவராக இருந்தால், சில்லறை வியாபாரி நீதான் என்று மோல்டரையே பிடித்துக்கொள்ளும். நம் விற்பனை விலை மோல்டருக்குத் தெரியாதே? அதற்கும் விதி வைத்திருக்கிறார்கள்: நமக்கு அவர் விற்ற விலையோடு 10 சதவீதம் சேர்த்து அதன்மேல் வரி கட்டலாம். எங்களுக்கு அவர் விலை 6 டாலர். 6.60க்கு அடிப்படை விகிதமான 7.25 சதவீதம் போட்டால் சுமார் 48 சென்ட், ஊர் வரி இருந்தால் இன்னும் கொஞ்சம். அதை அவர் எங்கள் பில்லில் ஏற்றுவார். ஃப்ரீமாண்ட் ஆர்டருக்காகத் தனியாகப் பதிவு செய்து கணக்குத் தாக்கல் செய்வதைவிட அந்த அரை டாலரைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்பதே இப்போதைக்கு எங்கள் முடிவு.

நம் பக்கம் ஜிஎஸ்டி? ஆடிட்டர் சிரித்துக்கொண்டே, "சரக்கு நம்ம மண்ணையே மிதிக்கலையே" என்றார். வெளிநாட்டில் ஓரிடத்தில் இருந்து வெளிநாட்டிலேயே இன்னோர் இடத்துக்கு, இந்தியாவுக்குள் வராமல் போகும் சரக்கு, சி.ஜி.எஸ்.டி. சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி விற்பனையாகவே கருதப்படாது. டையை இங்கிருந்து அனுப்பியதும் ரிசர்வ் வங்கிக்குக் காட்ட வேண்டிய காகிதங்களும் தனி, அதை உங்கள் ஆடிட்டரோடு பேசிக்கொள்ளுங்கள்.

திருப்பூர் நண்பர்கள் கேட்பார்கள் என்பதால் இது. டி-ஷர்ட்டை அங்கே பிரிண்ட் ஆன் டிமாண்டில் (ஆர்டர் வந்தபின் ஒவ்வொன்றாக) அடிக்கிறீர்கள், வெற்று டி-ஷர்ட்டும் மையும் அச்சகத்தாருடையது, நீங்கள் கொடுப்பது டிசைன் கோப்பு மட்டும் என்றால், உங்கள் சொத்து என்று அங்கே ஒன்றும் இல்லை. விற்பனை எல்லையை மட்டும் பார்த்தால் போதும். இங்கிருந்து துணியோ வெற்று பனியனோ அனுப்பி அடிக்கவைத்தால் அது உங்கள் சரக்கு. சில மாநிலங்களில் அச்சகத்தில் இருக்கும் பொருளுக்கு விலக்கு உண்டு, மாநிலத்தைச் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மின்னசோட்டா மூன்றிலும் துணிமணிக்கு விற்பனை வரியே இல்லை. கோல அச்சுக்கு யாரும் அப்படி மனம் இரங்கவில்லை.

இந்தச் சேவைக்கு வருவதற்குமுன் ஒரு ஆலோசகர் எனக்கு '50 மாநிலப் பதிவுத் தொகுப்பு' என்று விலைப் பட்டியல் அனுப்பியிருந்தார். ஓரிகான், மொன்டானா, டெலவேர், நியூ ஹாம்ப்ஷயர் நான்கிலும் விற்பனை வரியே கிடையாது. அலாஸ்காவில் மாநில வரி கிடையாது, ஊர்கள் போடுகிற வரி மட்டும். இல்லாத வரிக்குப் பதிவு செய்து தருவதற்கும் கட்டணம் போட்டிருந்தார், பாவம். தேவையில்லாத மாநிலத்தில் பதிவு செய்தால் விற்பனை இல்லாத மாதத்துக்கும் பூஜ்யக் கணக்கு காட்ட வேண்டிவரும், அதை மறந்தால் அபராதம்.

ஏற்கெனவே பல வருடமாக எல்லையைத் தாண்டி விற்றுக்கொண்டிருப்பவர்கள் நேராகப் போய்ப் பதிவு செய்யாதீர்கள். மல்டிஸ்டேட் டாக்ஸ் கமிஷன் என்ற அமைப்பு நடத்தும் தன்னார்வ அறிவிப்புத் திட்டம் இருக்கிறது, அதுவும் இலவசம். ஒப்பந்தம் முடியும்வரை பெயரைச் சொல்லாமலே பல மாநிலங்களோடு பேசலாம். பழைய பாக்கியைக் குறிப்பிட்ட சில வருடங்களுக்கு மட்டும் கேட்பார்கள், அபராதத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். மாநிலம் உங்களுக்குக் கடிதம் போட்ட பிறகு போனால் அந்தக் கதவு திறக்காது.

கட்டணம்: இந்தியானா கணக்குக்கு ஒரு தாக்கலுக்கு 35 டாலர் கொடுக்கிறேன். மற்ற உறுப்பு மாநிலங்களுக்குப் பூஜ்யம். அடுத்த வருடமும் இதே நிறுவனத்தில்தான் தொடரப் போகிறேன், திட்டிக்கொண்டே. உருளைக்கான புது டை ஒன்று கணபதியில் தயாராகிக்கொண்டிருக்கிறது. ஓஹையோவில் ஒரு மோல்டர் உருளைக்கு 40 சென்ட் குறைத்துச் சொன்னார். புது டை அங்கே போனால் ஓஹையோவிலும் சொத்து, அங்கேயும் முதல் ஆர்டரில் இருந்து வரி, இலவசமும் போய் இன்னொரு 35 டாலர். அதனால் இதையும் இந்தியானாவுக்கே அனுப்புகிறோம். ஒரே மாநிலத்தில் இரண்டு டை இருந்தாலும் பதிவு ஒன்றுதான்.